கெட்டியாக்கியும் பிரிந்த கலவை: மூலக்கூறின் அளவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய ஆய்வகக் குழு தயாரித்து வந்த நீர்க்கலவை ஒன்றில் என்ன நடந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் குழுவில் நுண்ணோக்கிப் பார்வையும் விரவல் (கரைந்த பொருள் தானாகப் பரவுவது) அளவீடுகளும் என் பொறுப்பில் இருந்தன. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தேவையில்லை. இதே சிக்கலைப் பெயின்ட் கலப்பவரும் மருந்துத் தொங்கல் (கரையாத மருந்துத் துகள்கள் மிதக்கும் திரவம்) செய்பவரும் சந்திக்க முடியும் என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கலவையில் நான்கு பொருள்கள். முதலாவது, சுமார் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் துகள்கள். இவற்றின் மேல் ஆல்புமின் புரதம் ஏற்கெனவே பூசப்பட்டிருந்தது. இரண்டாவது, நீரிலேயே கரைந்திருந்த கொஞ்சம் ஆல்புமின்; இதற்கு ஒளிரும் சாயம் ஏற்றியிருந்தோம். மூன்றாவது, கெடாமல் காக்கச் சேர்த்த பென்சைல் ஆல்கஹால். நான்காவது, கெட்டிப்படுத்த ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ். உப்பின் அளவை வேண்டுமென்றே குறைவாக வைத்திருந்தார்கள், ஏறத்தாழ 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல்). இந்தக் கலவையை ஈரமான சவ்வின் மேல் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். கரைந்திருக்கும் புரதம் கீழே இறங்க வேண்டும், துகள்கள் மேலேயே நிற்க வேண்டும்.

பிரச்சினை பழையதுதான். புட்டியைச் சில மாதங்கள் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். எவ்வளவு குலுக்கினாலும் கலையாது. கணக்கும் அதையே சொன்னது. பாலிஸ்டைரீனின் அடர்த்தி நீரைவிடச் சுமார் 5 சதவீதம் அதிகம். திரவத்தில் துகள் இறங்கும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் விதிப்படி 1 மைக்ரோமீட்டர் துகள் வெறும் நீரில் நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். அப்போது பயன்படுத்திய கெட்டிப்படுத்தி, மூலக்கூறு எடை 90,000 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ 1 டால்டன்) உள்ள குட்டைச் சங்கிலி வகை. 0.5 சதவீதம் போட்டாலும் பாகுத்தன்மை நீரைவிடச் சில மடங்குதான் கூடும். ஒரு கை உயரப் புட்டியில் துகள்கள் அடிக்கு வந்து சேர அந்தச் சில மாதங்கள் போதும்.

படிவு ஏன் இறுகியது என்பதையும் சொல்ல வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று நன்றாக விலக்கிக்கொண்டு தனித்தனியாக இறங்கினால், கடைசியில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதைக் கலைப்பது கடினம். திரளாக ஒட்டிக்கொண்டு இறங்கினால் படிவு தளர்வாக, உயரமாக இருக்கும், குலுக்கினால் எழும். கலவை நன்றாகச் சிதறியிருக்கிறது என்பதற்கான அடையாளமே சேமிப்பில் கெட்டிப் படிவாக முடிகிறது. இந்த முரண் பின்னால் முக்கியமாகப் போகிறது.

முதல் முடிவு

கெட்டிப்படுத்தியின் எடையைக் கூட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. படலம் உலர்ந்த பின் மிஞ்சும் பொருள் கூடிவிடும் என்பதே காரணம். எனவே அதே 0.5 சதவீதத்தில், அதே வேதிப்பொருளின் நீண்ட சங்கிலி வகைக்கு மாறுவது என்று முடிவானது. 90,000 டால்டனுக்குப் பதில் 13,00,000 டால்டன்.

அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. இறங்கும் வேகம் பாகுத்தன்மைக்கு எதிர்விகிதம். நீண்ட சங்கிலி வகையில் பாகுத்தன்மை நூறு மடங்கை ஒட்டிக் கூடும். மாதக்கணக்கில் நடந்தது வருடக்கணக்காக நீள வேண்டும். ஒரேயொரு கவலைதான் எழுப்பப்பட்டது: இவ்வளவு கெட்டியான திரவத்தில் புரதம் கீழே இறங்கவே இறங்காதோ? அதனால் சேமிப்புச் சோதனையையும் விரவல் சோதனையையும் ஒன்றாகத் தொடங்கினோம்.

கண்டது

புதிய கலவை கரண்டியிலிருந்து தேன்போல வடிந்தது. முதல் நாள் புட்டியில் எந்த மாற்றமும் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம், சில நாள்களுக்குள், மேல்மட்டத்தில் தெளிந்த நீர் தெரிந்தது. மேலே தெளிவு, கீழே பால்வெள்ளை, நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. கோடு இறங்கிய விதமும் வழக்கத்துக்கு மாறானது. வெகு நேரம் அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று சரிந்தது. தனித்தனித் துகள்கள் படியும்போது மேலே மெல்ல மெல்ல மங்கலாகத் தெளியும். இப்படிக் காத்திருந்து சரியாது. காத்திருந்து சரிவது, துகள்கள் வலுவற்ற ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, தன் எடையைக் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுப் பின் உடைவதன் அறிகுறி.

குலுக்கினால் படிவு உடனே எழுந்து கலந்தது. பழைய கெட்டிப் படிவு போயே போய்விட்டது. குழுவில் ஒருவர் இதையே வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். மருந்துத் தொங்கல்களில் அப்படி வேண்டுமென்றே திரட்டுவதும் உண்டு. ஆனால் இங்கே படலம் சீராக இருக்க வேண்டும். திரண்ட துகள்கள் தடவும்போது திட்டுத்திட்டாக விழுந்தன. ஏற்க முடியவில்லை.

விரவல் சோதனையில் கிடைத்தது இன்னொரு வியப்பு. மெல்லிய கண்ணாடி நுண்குழாய்களில் புதிய கலவையின் துகளில்லாத திரவத்தை நிரப்பி, ஒரு முனையில் வெவ்வேறு அளவுள்ள பொருள்களை வைத்து எல்லை நகர்வதைப் படமெடுத்தோம். பென்சைல் ஆல்கஹால் அளவுள்ள சிறிய சாயம் வெறும் நீரில் போவதுபோலவே போனது. நூறு மடங்கு கெட்டித்தன்மை அதற்குத் தெரியவே இல்லை. 66,000 டால்டன் ஆல்புமின் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். நீலச் சாயம் ஏற்றிய நீண்ட சர்க்கரைச் சங்கிலியான 20 லட்சம் டால்டன் நீல டெக்ஸ்ட்ரானோ கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

ஆக எதிர்பார்த்த இரண்டுமே தலைகீழாக வந்தன. மெதுவாக வேண்டிய துகள்கள் வேகமாகப் பிரிந்தன. தடைபடும் என்று பயந்த புரதம் தாராளமாக நகர்ந்தது.

சந்தேகங்களும் சோதனைகளும்

துகள்கள் ஏன் திரண்டன என்பதற்கு மூன்று விளக்கங்கள் மேசைக்கு வந்தன.

முதல் சந்தேகம் உப்பு. புதிய வகைப் பொடியில் தயாரிப்பின்போது தங்கிய உப்பு அதிகமாக இருந்து, துகள்களின் மின்னூட்ட விலக்கத்தை மங்கவைத்திருக்கலாம். மின்கடத்துத்திறனை அளந்தோம். பழையதும் புதியதும் ஏறத்தாழ ஒன்றே. விலக்கினோம்.

இரண்டாவது, பாலம் அமைத்தல். நீண்ட சங்கிலியின் ஒரு முனை ஒரு துகளிலும் மறுமுனை இன்னொன்றிலும் ஒட்டிக்கொண்டு இரண்டையும் கட்டிப்போடுவது. மூன்றாவது, அதற்கு நேரெதிர்: சங்கிலி துகளில் ஒட்டாமலே, வெளியே இருந்தபடியே, துகள்களை ஒன்றோடொன்று தள்ளிச் சேர்ப்பது. இதை வெறுமையாக்கத் திரட்சி என்று சொல்லலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒட்டிய பாலம் நீர் ஊற்றினால் லேசில் விடாது. வெளியிலிருந்து தள்ளும் விசையோ, வெளியே உள்ள சங்கிலிகளை நீர்த்தவுடன் குறைந்துவிடும். ஒரு துளி கலவையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டின் ஓரத்தில், அதே அளவு உப்பு சேர்த்த நீரை மெல்ல உள்ளே ஊறவிட்டேன். உருப்பெருக்கியில் முதலில் தெரிந்தது கிளைகிளையாகப் பிடித்துக்கொண்டிருந்த துகள் கூட்டம். நீர் வந்து சேர்ந்த ஓரத்தில் கிளைகளின் நுனித் துகள்கள் முதலில் நடுங்கின. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று பிரவுனிய அசைவோடு (நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் ஓயாத நடுக்கம்) விலகின. சில நிமிடங்களில் அந்த ஓரம் முழுக்கத் தனித்துகள்கள்தான். நீர் எட்டாத நடுப்பகுதியில் கூட்டங்கள் அப்படியே இருந்தன. துகள்களைச் சுழற்றிப் பிரித்தெடுத்த மேல்நீரில் கெட்டிப்படுத்தி குறைந்திருக்கவும் இல்லை. துகளில் எதுவும் ஒட்டவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீர்த்தால் எல்லாமே மாறுகிறது, செறிவும் சேர்த்து. அளவு மட்டும்தான் காரணம் என்று காட்ட, அளவை மட்டும் மாற்றும் சோதனை வேண்டும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

செல்லுலேஸ் என்ற நொதி செல்லுலோஸ் சங்கிலியை வெட்டும். பொருளின் எடை குறையாது. நீண்ட சங்கிலிகள் துண்டுகளாகும். திரண்ட நிலையிலிருந்த இரண்டு புட்டிகளை எடுத்தோம். ஒன்றில் மிகச் சிறிதளவு செல்லுலேஸ். இன்னொன்றில், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த அதே செல்லுலேஸ், அதே அளவு. இரண்டிலும் உப்பு, துகள், கெட்டிப்படுத்தியின் எடை எல்லாம் ஒன்றே. செயல்படும் நொதி இட்ட புட்டியின் கலவை அடுத்த நாள் நீர்போல ஓடியது. நுண்ணோக்கியில் ஒரு கூட்டம்கூட இல்லை, எல்லாம் தனித்துகள். மற்றப் புட்டி பழையபடி திரண்டே நின்றது. கெட்டித்தன்மையை அழித்ததும் கலவை நிலைப்பட்டது! கெட்டித்தன்மைதான் நிலைப்புத்தன்மை என்ற எண்ணம் அன்றோடு போனது.

அளவு எப்படி வேலை செய்தது

இந்த விசையை ஷோ அசகுராவும் ஃபுமியோ ஊசவாவும் 1954-இல் விளக்கினார்கள். நீரில் கரைந்த சங்கிலி சுருண்டு ஒரு பந்துபோல இருக்கும். அந்தப் பந்தின் மையம் துகளின் மேற்பரப்பைத் தன் ஆரத்தைவிட நெருங்க முடியாது. அதனால் ஒவ்வொரு துகளையும் சுற்றிச் சங்கிலி இல்லாத ஒரு வெற்று ஓடு உண்டு. இரண்டு துகள்கள் அந்த ஓடுகள் மேற்படியும் அளவுக்கு நெருங்கிவிட்டால், இடையில் சங்கிலிகளே இல்லை; வெளியே இருக்கின்றன. வெளியிலுள்ள சவ்வூடு அழுத்தம் (கரைந்த பொருளின் செறிவு வேறுபாட்டால் எழுவது) துகள்களை ஒன்றாக அழுத்துகிறது. யாரும் யாரையும் ஈர்க்கவில்லை. ஆனாலும் விளைவு ஈர்ப்புதான்.

அந்த ஓட்டின் தடிமன் சங்கிலிப் பந்தின் அளவை ஒட்டியது. நல்ல கரைப்பானில் அந்த அளவு மூலக்கூறு எடையின் ஏறத்தாழ 0.6 அடுக்குக்கு ஏற்ப வளரும். எடை 14 மடங்கு கூடினால் அளவு சுமார் 5 மடங்கு. இதோடு இன்னொரு நீளத்தை ஒப்பிட வேண்டும்: துகள்களின் மின்விலக்கம் எட்டும் தொலைவு. 1 மில்லிமோலார் உப்பில் அது தேய்ந்துபோகும் நீள அளவு சுமார் 10 நானோமீட்டர். உண்மையில் அதன் சில மடங்கு தொலைவு வரை துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். குட்டைச் சங்கிலியின் ஓடு அந்த விலக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. துகள்கள் ஓடுகள் மேற்படியும் அளவுக்கு நெருங்கும் முன்பே மின்விலக்கம் தடுத்துவிடுகிறது. நீண்ட சங்கிலியின் ஓடு அதைத் தாண்டி வெளியே நீள்கிறது. அங்கே அழுத்தும் விசை தொடங்கும்போது எதிர்க்க மின்விலக்கம் போதவில்லை.

விரவலுக்கும் இதே அளவுக் கணக்குதான். 0.5 சதவீதத்தில் நீண்ட சங்கிலிகள் ஒன்றுள் ஒன்று புகுந்து கண்ணிகளை உண்டாக்குகின்றன. கண்ணியின் இடைவெளி பத்துக்கணக்கான நானோமீட்டர். சிறிய மூலக்கூறு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அதைச் சுற்றி இருப்பது வெறும் நீர்தான். ஆல்புமினின் ஆரம் சுமார் 3.5 நானோமீட்டர், அதுவும் கண்ணிக்குள் புகுந்து போகிறது. நீல டெக்ஸ்ட்ரான் கண்ணி அளவை நெருங்குவதால் சிக்குகிறது. 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு மட்டும்தான் பாகுமானி காட்டிய எண் முழுதாகப் பொருந்தும். அந்த எண் திரவத்தின் குணம் என்று நாம் பேசுகிறோம்; உண்மையில் அது பெரிய பொருள்கள் உணரும் குணம். கூழ்ம அறிவியலுக்கு அடித்தளமிட்ட தாமஸ் கிரஹாம் 1861-லேயே, உப்பு ஜெல்லிலும் கிட்டத்தட்ட நீரில் போலவே விரவுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இரண்டாம் முடிவு

குட்டைச் சங்கிலிக்குத் திரும்பினால் இறுகிய படிவு. நீண்ட சங்கிலியில் திட்டுகள். நடு வகைகள் சந்தையில் உண்டு, 2,50,000, 7,20,000 என்று. ஆனால் அவற்றில் பாதிப் பாதித் தொல்லைகள் வரும். அதோடு ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் சங்கிலி நீளம் ஒரே சீராக இராது. மிக நீண்ட சங்கிலிகளின் பங்கு கொஞ்சம் கூடினாலே திரட்சி தொடங்கலாம். உப்பைக் கூட்டுவது என்ற யோசனையை உடனே ஒதுக்கினோம். மின்விலக்கம் போய்விட்டால் துகள்கள் ஒட்டுவது நீர்த்தாலும் திரும்பாது.

பிறகு வந்த யோசனை, சுதந்திரமாகத் திரியும் சங்கிலிகளையே ஒழித்துவிடுவது: அதாவது கெட்டியான கரைசலுக்குப் பதில் வலுவற்ற ஒரு ஜெல். ஜெல்லில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்ட வலையாக இருக்கின்றன. துகள்களுக்கு இடையிலிருந்து வெளியேறி வெளியிலிருந்து அழுத்தும் உதிரிச் சங்கிலி அங்கே மிகக் குறைவு. துகளைத் தாங்க எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு, ஆரம் மூன்றையும் பெருக்கினால் வருவது ஒரு பாஸ்கலில் பல்லாயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்கே ஜெல் என்று தெரியாத அளவுக்கு மெல்லியது போதும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருளான அகாரோஸைத் தேர்ந்தெடுத்தோம். மின்னூட்டம் மிகக் குறைவு, ஆல்புமினோடு ஒட்டாது, குறைந்த வெப்பத்தில் உறையும் வகை கிடைக்கிறது. முக்கியமாக, அதன் துளைகள் பெரியவை: 1 சதவீதத்தில் நூறு நானோமீட்டர் வரிசை, செறிவைக் குறைத்தால் இன்னும் அகலம். துகள் புக முடியாத, புரதம் தடையின்றிப் போகக்கூடிய இடைவெளி. உறையும்போது கலக்கிக்கொண்டே இருந்தால் பாளமாக நிற்காமல் நுண்ணிய ஜெல் துணுக்குகளாக, தடவக்கூடிய கூழாக வரும்.

‘ஜெல் என்றால் புரதம் மாட்டிக்கொள்ளும்’ என்ற எதிர்ப்பு குழுவுக்குள் பலமாக இருந்தது. பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் வேலை செய்தவர்களின் அனுபவம் அது; அங்கே துளை சில நானோமீட்டர்தான், பயம் நியாயமானது. பேசிக்கொண்டிருப்பதைவிடப் பார்த்துவிடலாம் என்று, கலவைக்கு எண்ணியிருந்த அதே செறிவில் அகாரோஸைச் சோதனைக்குழாயில் உறையவைத்து மேலே மூன்று பொருள்களைத் தனித்தனியாக ஊற்றினோம். நீரில் எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டிருந்தோம். 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறிய சாயத்துக்கு மூன்று நான்கு மணி நேரம், ஆல்புமினுக்கு இரண்டரை நாள், நீல டெக்ஸ்ட்ரானுக்கு நீரிலேகூட இரண்டு வாரத்துக்கு மேல். சாயமும் ஆல்புமினும் அந்தக் கணக்கையொட்டியே இறங்கின. நீலம் பின்தங்கியது.

பின்னர் நடந்தது

அகாரோஸ் கலவையில் கண்காணித்த காலம் முழுதும் துகள்கள் இறங்கவில்லை. நுண்ணோக்கியில் அவை தத்தம் இடத்திலேயே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. கூட்டம் சேரவில்லை. 1 மில்லிமீட்டர் படலத்திலிருந்து ஆல்புமின் இரண்டு மூன்று மணி நேரத்தில் சவ்வுக்கு வந்துசேர்ந்தது.

குறைகளும் வந்தன. சில மாதங்களுக்குப் பின் மேலே மெல்லிய நீர்ப்படலம் சேர்ந்தது. இது துகள் பிரிவதல்ல, ஜெல் தானே சுருங்கி நீரைக் கக்குவது. புட்டியைத் திருப்பினால் கலந்துவிடும். அதை ஏற்றுக்கொண்டோம். இன்னொன்றை ஏற்க முடியவில்லை: பென்சைல் ஆல்கஹாலின் அளவு குறைந்துகொண்டே வந்தது. பிளாஸ்டிக் புட்டியின் சுவர் அதை உறிஞ்சியிருந்தது. ஜெல் அதைப் பிடித்து வைக்கும் என்று ஒருவர் எதிர்பார்த்திருந்தார். நுண்குழாய்ச் சோதனையைப் பார்த்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. அந்த அளவுள்ள மூலக்கூறுக்கு ஜெல்லும் நீரும் ஒன்றுதான். கண்ணாடிப் புட்டிக்கு மாறியதும் குறைவது நின்றது.

இனி மாற்றிச் செய்வது

கெட்டிப்படுத்தியைப் பாகுத்தன்மை எண்ணை வைத்து வாங்குவதை நிறுத்தியாயிற்று. ஒரே பாகுத்தன்மையைக் குட்டைச் சங்கிலி நிறையப் போட்டும் எட்டலாம், நீண்ட சங்கிலி கொஞ்சம் போட்டும் எட்டலாம். துகள்களுக்கு இரண்டும் வேறு வேறு. மூலக்கூறு எடையையும் அதன் பரவலையும் கேட்டு வாங்குகிறோம். பரவலைத் தராதவரிடம் வாங்கினால் ஒவ்வொரு தொகுதிக்கும் திரட்சிச் சோதனை செய்கிறோம்.

புதிய கலவை எதுவானாலும் முதல் நாளே நுண்ணோக்கியில் வைக்கிறோம். இந்த நிகழ்வில் புட்டியில் எதுவும் தெரியாத அந்த முதல் நாளிலேயே துகள்கள் திரண்டிருக்க வேண்டும்; அப்போது ஒரு துளி எடுத்துப் பார்த்திருந்தால் சரிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் உப்புநீர் ஊறவிடும் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. கூட்டம் கலைந்தால் வெளியிலிருந்து அழுத்தும் விசை என்று எடுத்துக்கொண்டு சங்கிலி நீளத்தைப் பார்க்கலாம். கலையவில்லையென்றால் பாலத்தையோ உப்பையோ தேட வேண்டும்.

விரவலுக்கு ஒரே சாயத்தை நம்புவதில்லை. சிறிய சாயம், ஆல்புமின், நீல டெக்ஸ்ட்ரான் மூன்றையும் எப்போதும் சேர்த்தே ஓடவிடுகிறோம். சாயம் மட்டும் வைத்துப் பார்த்தால் எந்த ஜெல்லும் திறந்த கதவாகத் தெரியும், டெக்ஸ்ட்ரான் மட்டும் வைத்தால் பல ஜெல்கள் சுவராகத் தெரியும். இப்போது கையிலிருக்கும் கேள்வி 1,50,000 டால்டன் எடையுள்ள ஓர் எதிர்ப்பொருளை ஆல்புமினின் இடத்தில் வைக்க முடியுமா என்பது. அதன் ஆரம் 5 நானோமீட்டரை ஒட்டியது, அகாரோஸ் துளைக்குத் தாராளமாகச் சிறியது. விரவல் நேரம் ஒன்றரை மடங்கு ஆகும் என்று கணக்கு வருகிறது; குழாய்களை உறையவைத்திருக்கிறோம்.